சிவப்புக் கண்ணாடியும் ஒன்பது குஞ்சுகளும்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டுக்கும் பின்புறத்தில் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும். அதற்கு முன்பே குடங்கள் வரிசையாக நிற்கும். முந்தி வந்தவர் முந்திப் பிடிப்பது என்ற வழக்கம் அங்கே இல்லை. தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் கன்னையாவின் மனைவி வீரம்மாவின் குடம் எப்போதும் முதலில். பிறகு மற்றவர்கள், புருஷன் பார்க்கும் வேலைக்குத் தக்கபடி. கடைசியில் என் மனைவி பவுனம்மாளின் குடம். அவள் எத்தனை மணிக்கு எழுந்து போனாலும் அது கடைசிதான்.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நான் விளக்குக்காரன். சிக்னல் விளக்குகளைத் துடைத்து, திரி வெட்டி, எண்ணெய் ஊற்றி, சாயங்காலம் ஏற்றி வைத்துக் காலையில் இறக்குகிற வேலை. இரண்டாவது, பவுனம்மாள் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். வரிசையில் மற்றவர்கள் எல்லாரும் ஊரிலிருந்து நேராக ரயில்வேக்கு வந்தவர்கள். தோட்டம் என்றால் அவர்களுக்கு ஒரு படி கீழே. கலியாணமாகி இங்கே வந்த இரண்டு வருஷத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தோட்டத்துக்காரி என்பார்கள், அவ்வளவுதான்.

அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "எங்க அப்பன் ஆத்தா வச்ச பேரு நல்லாத்தானே இருக்கு. கூப்பிட்டா வாய் வலிக்குமா இவங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போது நான் சொல்லப்போவது 1934-ம் வருஷம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமையில் தொடங்கி அடுத்த திங்கட்கிழமை காலையில் முடிந்த சங்கதி.

ரயில்வே ஆபீஸில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த ராதாகிருஷ்ணனின் மனைவி சீதாலெட்சுமி அம்மாள், கிள்ளானிலிருந்த ஒரு துரை பங்களாவிலிருந்து வெள்ளைச் சீமைக்கோழி முட்டை பன்னிரண்டு வாங்கி, தவிட்டில் புதைத்து, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து, தன் வீட்டு நாட்டுக் கோழியை அடை வைத்திருந்தார். பிரிக்பீல்ட்ஸில் வேறு எந்த வீட்டிலும் அந்த ஜாதி கிடையாது. திங்கட்கிழமை ஒன்பது பொரித்தன. மறுநாள் காலை தாய்க்கோழி குஞ்சுகளைக் கூட்டிலேயே விட்டுவிட்டு, சாமான் வண்டிகள் நிற்கிற யார்டில் சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கப் போயிருக்கிறது. எங்கள் பக்கத்துக் கோழிகளுக்கெல்லாம் அந்தப் பழக்கம் உண்டு. பெட்டிகளைப் பிரித்துக் கோக்கிற ஷண்டிங் இஞ்சின் பின்னால் வந்ததை அது பார்க்கவில்லை.

பத்து மணிக்கெல்லாம் அந்த அம்மாள் ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். கிராணிமார் வீடுகள் தனி. அவர் எங்கள் பின்கட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கூடைக்குள் ஒன்பதும் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. யார் வீட்டிலாவது அடைக்கோழி இருக்கிறதா என்று கேட்டார். பெண்கள் எல்லாரும் வீரம்மாவைப் பார்த்தார்கள். வீரம்மா, தோட்டத்துக்காரி வீட்டுச் செவலை நேற்றுத்தான் பொரித்தது என்றும், ஆனால் அது முரட்டுக் கோழி, அடுத்த கோழியின் குஞ்சைக் கண்டால் மண்டையைப் பிளந்துவிடும் என்றும், தோட்டத்தில் புல் பிடுங்கினவளை நம்பி இத்தனை அருமையான குஞ்சைக் கொடுப்பதைவிட இஞ்சினுக்கே கொடுத்துவிடலாம் என்றும் சொன்னாள்.

பவுனம்மாள் அதைக் கேட்டுக்கொண்டேதான் வந்தாள். புல் பிடுங்கவில்லை, பால்மரம் வெட்டினேன் என்று திருத்தக்கூட இல்லை. கூடையிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து, வயிற்றைத் திருப்பிப் பார்த்து, கட்டை விரலால் இரைப்பையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நேத்துப் பொரிச்ச குஞ்சும்மா. இன்னிக்கே சேத்துடணும். ரெண்டு நாள் போச்சுன்னா கோழியும் ஏத்துக்காது, குஞ்சும் போய் ஒட்டாது. குடுங்க. ஞாயித்துக்கெழமை வந்து பாருங்க. ஒம்பதும் தாயோட மேயும்."

"ஒம்பதுமா?" என்றாள் வீரம்மா.

"ஒம்பதும்."

"ஞாயித்துக்கெழம ஒம்பதும் அந்தச் செவலை பின்னால மேஞ்சுதுன்னா, திங்கக்கெழமை முதக் கொடம் உன்னுதுடி. நான் கடைசில நிக்கறேன். எல்லாரும் கேட்டுக்குங்க."

சிரிப்பு எழுந்தது. பவுனம்மாள் சிரிக்கவில்லை. கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

எங்கள் செவலை பதினோரு முட்டையில் ஆறு பொரித்திருந்தது. மீதி ஐந்தும் கூமுட்டை. ஆறோடு இந்த ஒன்பதும் சேர்ந்தாலும் செவலையின் இறக்கை அகலத்துக்குப் பதினைந்து அடங்கும் என்றாள் பவுனம்மாள். அவள் செய்யப்போவதையும் விளக்கினாள். பகலில் காட்டக் கூடாது. கோழி அடைந்த பிறகு, இருட்டில், பின்பக்கமாகக் கையை விட்டு ஒவ்வொன்றாக வயிற்றுக்கடியில் தள்ளவேண்டும். விடியும்போது தன் குஞ்சோடு குஞ்சாக வெளியே வருவதைப் பார்த்தால் கோழிக்குக் கணக்குத் தெரியாது. குஞ்சு எல்லாம் ஒரே மாதிரி மஞ்சளும் பழுப்புமாக இருப்பதால் பாதி வேலை முடிந்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டு, குருணை வாங்கிவரக் காதர் கடைக்குப் போனாள்.

அந்த அரைமணி நேரத்தில்தான் நான் காரியத்தைக் கெடுத்தேன்.

விளக்கு அறையில் எனக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு விளக்குக்கும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். வேறு ஸ்டேஷன் விளக்கு எங்கள் அறைக்குத் துடைக்க வந்தால் அதன் கழுத்தில் சிவப்பு வளையம். அது கலந்துவிடாமல் திரும்பிப் போகவேண்டும். எட்டு வருஷத்தில் என் கையில் ஒரு விளக்குகூட இடம் மாறிப் போனதில்லை. கூடைக்குள் எட்டிப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பதினைந்தும் ஒரே மாதிரி. நாளைக்கு ஒன்று செத்தால் அது யாருடையது? கிராணியம்மா வந்து என் ஒன்பதைக் கொடு என்றால் எதை எடுத்துக் கொடுப்பது? பிறத்தியார் பொருளுக்கு அடையாளம் வைக்காமல் வாங்கலாமா?

பொங்கலுக்குக் கோலப்பொடியில் கலக்க வாங்கிய ரோஸ் சாயம் பொட்டலத்தில் மிஞ்சியிருந்தது. ஒரு கிண்ணத்தில் கரைத்தேன். பஞ்சில் தொட்டு, கண்ணில் படாமல், தலையிலிருந்து வால்வரை ஒன்பதுக்கும் தடவினேன். ஒரு சொட்டு கூடையில் சிந்தவில்லை. வேலை சுத்தமாக வந்திருக்கிறது என்று வெயிலில் வைத்து ரசித்தேன்.

பவுனம்மாள் குருணையோடு வந்து கூடைக்குள் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"அடையாளம்," என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். "காயட்டும்," என்று மட்டும் சொன்னாள். அப்புறம், இருட்டில் நிறம் தெரியாது, மணமும் குரலும் ஒட்டிக்கொண்டால் சரியாகப் போனாலும் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் நான் யார்டுக்குப் போய்விட்டேன். குஞ்சுகளை அவளே உள்ளே தள்ளினாள். செவலை ஒரு முறை முனகியதாகவும் அப்புறம் இறக்கையை அகட்டி இடம் கொடுத்ததாகவும் சொன்னாள். காலையில் விளக்குகளை இறக்கிவிட்டு ஏழு மணிக்கு நான் வீடு வந்தபோது ஒன்பது குஞ்சுகளும் அடுப்பங்கரையில் ஒரு மண்பானைக்குள், கந்தல் துணிக்கு நடுவே இருந்தன. விடிந்து வெளிச்சம் கூட்டுக்குள் விழுந்ததுதான் தாமதம். செவலை தன் காலடியில் சிவப்பாக எதுவோ அசைவதைப் பார்த்துவிட்டது. கோழிக்குச் சிவப்பு என்றால் ரத்தம். கொத்தாமல் இருக்காது. ஒரு குஞ்சுக்கு மண்டைத் தோல் கிழிந்து, மஞ்சள் தூள் அப்பிவைத்திருந்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது.

நான் வாய் திறப்பதற்குள் அவளே எல்லா வழியையும் சொல்லி அடைத்துவிட்டாள். கழுவலாமா? நனைந்த குஞ்சு மத்தியானத்துக்குள் விறைத்துவிடும். நம் ஆறுக்கும் அதே சாயத்தைப் பூசிவிட்டால்? அப்போது பதினைந்தையும் கொத்தும். கூட்டை மூடி இருட்டாகவே வைத்திருந்தால்? இருட்டில் கோழியும் தின்னாது, குஞ்சும் தின்னாது, ஒட்டிய வயிற்றோடு எதைப் பழகும்? தனியாகப் பானையிலேயே வளர்த்தால்? அடுப்பங்கரையில் வளர்ந்தால் அது தாயோடு மேய்ந்ததாகாது. நான் ஒம்பதும் தாயோடு மேயும் என்றுதான் சொன்னேன் என்றாள்.

பின்கட்டு வேலிக்கு மேலே வீரம்மாவின் தலை தெரிந்தது. பானையை எட்டிப் பார்த்துவிட்டாள்.

"என்னடி இது, சாயம் பூசி வச்சிருக்கே? குஞ்சுக்குக் கலியாணமா?"

"ஆமாக்கா," என்றாள் பவுனம்மாள். "மாப்பிள்ளைதான் அமையல. உங்க வீட்டுல இருந்தா சொல்லுங்க."

"வாய் மட்டும் கொறச்சல் இல்ல. கிராணியம்மாகிட்டச் சொல்லி விடவா, குஞ்செல்லாம் அடுப்புல குந்தியிருக்குன்னு?"

"அவங்களே ஞாயித்துக்கெழமை வருவாங்க."

என் புருஷன் பூசினது என்று அவள் சொல்லவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு, கிராணியம்மாவிடம் போய் என் கைவேலை என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவள் பானையைக் காட்டினாள்.

"ஒம்பதும் இன்னும் கத்துது. இதுங்க வாய் ஓய்ஞ்ச பெறகு போய்ச் சொல்லுங்க. இப்ப கையக் கால வச்சிக்கிட்டுச் சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தேன். கை சும்மா இருக்காமல் என் கைவிளக்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அது மூன்று வெளிச்சம் காட்டுகிற விளக்கு. தலையைத் திருகினால் வெள்ளைக்குப் பதில் சிவப்பு வரும், பச்சை வரும். பவுனம்மாள் அடுப்பில் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தவள், அகப்பையை அப்படியே நிறுத்திவிட்டு விளக்கைப் பார்த்தாள்.

"அன்னிக்கு மழையில, நீங்க வேலைக்குக் கெளம்பறப்ப, அந்த வெளக்கை என் மூஞ்சியில காட்டிச் சிரிச்சீங்களே. என்னா சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் வந்தது. சிவப்பைத் திருகி அவள் முகத்தில் அடித்தேன். நெற்றியில் இருந்த குங்குமப் பொட்டு மறைந்துபோயிற்று. "உன் பொட்டைக் காணோமே" என்று கேலி செய்தேன்.

"பொட்டு எங்கயும் போகல. செவப்பு வெளிச்சத்துல செவப்பு தெரியல," என்றாள். "தெரிஞ்சாத்தானே கொத்தும்?"

எட்டு வருஷமாக அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறேன். ஒரு தடவை விளையாடினதை வைத்துக்கொண்டு அவள் எட்டிய இடத்துக்கு நான் எட்டவில்லை. அப்போதே சன்னல் கதவைச் சாத்தி அறையை இருட்டாக்கினோம். ஒரு சாயக் குஞ்சும் நம் குஞ்சு ஒன்றும் எடுத்துவந்து தரையில் விட்டாள். விளக்கைச் சிவப்புக்குத் திருகினேன். இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. எது எது என்று எனக்கே புரியவில்லை. அவள் ஒன்றைத் தூக்கி, இது யாருது சொல்லுங்க என்றாள். தப்பாகச் சொன்னேன். வெள்ளைக்குத் திருகிக் காட்டினாள்.

ஆனால் கோழிக்கூட்டில் ராப்பகலாக விளக்கு எரியவிட முடியாது. புகை சேரும், வைக்கோல் பற்றும். பகல் வெளிச்சமே சிவப்பாக உள்ளே விழ வேண்டும். அதற்கு ஒரு பெரிய கண்ணாடி வேண்டும். சிக்னல் மரத்தில் விளக்குக்கு முன்னால் இருக்கிற வட்டக் கண்ணாடி, சாப்பாட்டுத் தட்டுப் பெரிது. விரிசல் விட்டால் கழித்து ஸ்டோரில் போட்டுவிடுவார்கள். நான் கேட்காமல் எடுக்கிறவன் அல்ல. ஸ்டோருக்குப் போய் ரெங்கசாமி அண்ணனிடம், கழித்துப் போட்ட சிவப்பு ஒன்று வேண்டும் என்று சீட்டு எழுதி நீட்டினேன். என்ன காரணத்துக்கு என்ற இடத்தில், வீட்டுக் கோழிக்கூட்டுக்கு என்று எழுதியிருந்தேன்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். பக்கத்திலிருந்தவர்களுக்கும் படித்துக் காட்டினார்.

"கோழிக்கு சிக்னல் போடப் போறியா நாகையா? செவப்பைப் பாத்தா நின்னுடுமா அது?"

"நிக்கணும்னுதான் அண்ணே," என்றேன்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஓரத்தில் சின்ன விரிசல் விட்ட கண்ணாடி.

கூடு என்று நான் சொல்வது மண்ணெண்ணெய் டின் வருகிற மரப்பெட்டிகள் நான்கைச் சேர்த்து நான் அடித்தது. மேல் பலகையில் வட்டமாக அறுத்துக் கண்ணாடியைப் பதித்து, சுற்றிலும் தார் பூசினேன். பலகை இடுக்கு எதிலும் வெள்ளை வெளிச்சம் நுழையாதபடி நான்கு பக்கமும் சாக்கை மடித்துத் தொங்கவிட்டாள் பவுனம்மாள். காற்றுக்கு அடியில் மட்டும் நான்கு விரற்கடை. முதலில் செவலையையும் அதன் ஆறையும் விட்டாள். அவை சிவப்பு வெளிச்சத்தில் குருணை பொறுக்கப் பழகும்வரை காத்திருந்து, செவலை தலையைக் குனிந்து தின்கிற சமயமாகப் பார்த்து, எட்டுக் குஞ்சை ஒவ்வொன்றாகச் சாக்குக்கடியில் நுழைத்தாள். மண்டை கிழிந்தது மட்டும் பானையில்.

ஒரு பலகைத் துளையில் நானும் ஒரு துளையில் அவளுமாகக் கண்ணை வைத்தோம். உள்ளே தணல் மாதிரி இருந்தது. கோழி, குஞ்சு, குருணை, வைக்கோல் எல்லாம் ஒரே நிறம். செவலை நிமிர்ந்தது. ஒரு கண்ணைச் சாய்த்து, புதிதாக வந்த ஒன்றைப் பார்த்தது. அந்தக் குஞ்சு பயமில்லாமல் நேராக அதன் காலுக்கடியில் ஓடிற்று. செவலை தலையைத் தாழ்த்தியது. பவுனம்மாளின் நகம் என் மணிக்கட்டில் பதிந்தது. அலகு குஞ்சின் பக்கத்தில் இறங்கி ஒரு குருணையை எடுத்துக் கீழே போட்டு, மறுபடி எடுத்துப் போட்டு, கொக்கொக்கென்று கூப்பிட்டது. பதினான்கும் ஓடி வந்தன.

அவள் என் கையை விட்டாள். இரண்டு துளையையும் சாணியால் அடைத்துவிட்டு, இரண்டு நாளைக்கு யாரும் சாக்கைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டாள். அந்த யாரும் நான்தான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஒரு பக்கச் சாக்கை நான்கு விரல் உயர்த்தினாள். அந்த இடுக்கில் நல்ல வெயில் விழுந்தது. ஒரு சாயக் குஞ்சு அந்த வெயிலுக்கு வந்து நின்றது. செவலை பார்த்த மாத்திரத்தில் பாய்ந்து ஒரு கொத்துக் கொத்தியது. பவுனம்மாள் சாக்கைப் படாரென்று இறக்கினாள். உள்ளே குஞ்சு கத்துவதும், அப்புறம் அடங்குவதும் கேட்டது. கண்ணாடிக்குக் கீழே அதே குஞ்சு அதே கோழியின் இறக்கைக்குள் போய்விட்டது.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நான் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை முடியாவிட்டால் என்ன, இன்னும் ஒரு வாரம் தவணை கேட்போம், கிராணியம்மா நல்ல மாதிரிதான். அதற்கு அவள், கிராணியம்மா தவணை கொடுப்பார், குழாயடி கொடுக்காது என்றாள்.

சாயங்காலம் அவளுக்கு வேறு யோசனை வந்தது. வெளிச்சத்தைக் கீழேயிருந்து காட்டினது தப்பு. சிவப்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தால் அதில் நிற்கிற குஞ்சு மட்டும் தனியாகத் தெரியும். நாலு பக்கமும் ஒரே சமயத்தில், கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்க வேண்டும், பொழுது விடிகிற மாதிரி. ஆகவே சனிக்கிழமை சாக்கை உயர்த்தாமல், மடித்த சாக்கில் ஒரு மடிப்பை எல்லாப் பக்கமும் பிரித்துவிட்டாள். சாக்கின் கண்வழியே மங்கலாக வெளிச்சம் கசிந்தது. பானையிலிருந்த குஞ்சையும் அப்போதுதான் சேர்த்தாள். மண்டைப் புண் காய்ந்து, அது மற்றவற்றைவிட அதிகமாகக் கத்த ஆரம்பித்திருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு மடிப்பு. மத்தியானம் இன்னொன்று. மாலையில் ஒற்றைச் சாக்குத்தான் தொங்கியது. ரோஸ் நிறம் நன்றாகவே தெரிகிற வெளிச்சம். செவலை ஒன்பதையும் பார்த்தது, தன் ஆறையும் பார்த்தது, உட்கார்ந்து இறக்கையை அகட்டியது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குச் சீதாலெட்சுமி அம்மாள் வந்தார். சொல்லிவைத்த மாதிரி வரிசை முழுவதும் எங்கள் பின்கட்டில் நின்றது. லீவு நாளானதால் ஆண்களும் இருந்தார்கள். ரெங்கசாமி அண்ணன்கூடக் கண்ணாடியைப் பார்க்க வந்திருந்தார். வீரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள். பவுனம்மாள் தலைக்குக் குளித்து, வெளுத்த புடவை கட்டி, பெரிதாகப் பொட்டு வைத்திருந்தாள். சாக்கை எடுத்து மடித்து வைத்தாள். கூட்டுக் கதவைத் திறந்தாள்.

செவலை வாசலில் வந்து நின்றது. கழுத்தை நீட்டி எல்லாரையும் பார்த்தது. பிறகு இறங்கிற்று. பின்னாலேயே பழுப்பும் மஞ்சளுமாக ஆறு, ரோஸ் நிறத்தில் ஒன்பது. முழு வெயில். செவலை திரும்பிப் பார்த்தது. எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம்தான். செவலை நின்று, காலால் மண்ணை இரண்டு தடவை சீய்த்துவிட்டுக் கூப்பிட்டது. பதினைந்தும் அந்த இடத்தில் குவிந்தன.

"ஒம்பது," என்றார் சீதாலெட்சுமி அம்மாள், விரலை நீட்டி எண்ணிவிட்டு.

"இருங்கம்மா, அதுல ஒண்ணு மண்டை ஒடஞ்சது இருந்துச்சே, உசுரோடதான் இருக்கா பாப்போம்," என்று வீரம்மா குனிந்து ஒரு சாயக் குஞ்சைத் தூக்கினாள். அது கீச்சென்றது. அவ்வளவுதான். செவலை எகிறி வந்து அவள் கையில் ஒரு கொத்து, முழங்கையில் ஒரு அடி. வீரம்மா குஞ்சை விட்டுவிட்டு மூன்றடி பின்னால் போனாள். செவலை விடாமல் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு அவள் புடவைக் கொசுவத்தைத் துரத்திற்று. கன்னையாதான் முதலில் சிரித்தார், அவள் புருஷன். அப்புறம் எல்லாரும். வீரம்மாவே சிரித்துவிட்டாள், கையை உதறிக்கொண்டு. அந்தச் சாயக் குஞ்சு செவலையின் வயிற்றுக்கடியில் போய் நின்று தலையை மட்டும் வெளியே நீட்டியது. மண்டையில் ஒரு தழும்பு. அதே குஞ்சுதான்.

சிரிப்பு அடங்கியதும் சீதாலெட்சுமி அம்மாள் கேட்டார், ஏன் இந்தச் சாயம், யார் பூசினது என்று.

"நாங்கதாம்மா," என்றாள் பவுனம்மாள்.

"நாங்க இல்ல. நான்," என்றேன். அத்தனை பேருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். அடையாளம் வைக்கப் போனது, கோழி கொத்தினது, பொட்டு, கைவிளக்கு, கண்ணாடி, சாக்கு மடிப்பு. முதல் இரண்டும் என் வேலை, மீதி எல்லாம் அவளுடையது என்றும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இல்லை என்பதுதான் ஆச்சரியம். என் தப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது அவள் செய்தது. ரெங்கசாமி அண்ணன் கூட்டின் மேல் குனிந்து கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார்.

"அப்ப நின்னுடுச்சுன்னு சொல்லு," என்றார்.

"நின்னுடுச்சு அண்ணே. கொத்தறது நின்னுடுச்சு."

சீதாலெட்சுமி அம்மாள் பவுனம்மாளின் பக்கம் திரும்பி, பெயர் என்ன என்று கேட்டார். இத்தனை நாள் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"பவுனம்மாள்."

"பவுனம்மா, இதுங்க தாயை விட்டுப் பிரியற வரைக்கும் உங்கிட்டயே இருக்கட்டும். அப்புறம் ஒரு சேவலும் ஒரு பெட்டையும் நீ வச்சிக்கோ. அந்த மண்டையில தழும்பு இருக்கறது பெட்டையா இருந்தா, அதையே வச்சிக்கோ."

"சரிங்கம்மா," என்றாள் அவள், தோட்டத்திலிருந்து வந்த பெண் கிராணியம்மாவிடம் பேசுகிற குரலில் அல்ல, ஒரு வேலையை முடித்தவள் பேசுகிற குரலில்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு நான் யார்டில் இருந்திருக்க வேண்டும். சிக்னல் விளக்குகளை இறக்குவது ஆறரைக்குத்தான் என்பதால் வேண்டுமென்றே தாமதித்துப் பின்கதவில் நின்றேன். பன்னிரண்டு குடங்கள் இருந்தன. பவுனம்மாள் வழக்கம்போலத் தன் குடத்தைக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். வீரம்மா அதைப் பார்த்தாள். தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தாள். அங்கே வைத்துவிட்டு, பவுனம்மாளின் குடத்தை எடுத்து அவள் இடுப்பில் இடித்துக் கொடுத்தாள். கையில் செவலை கொத்தின இடத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தது.

"போ, முன்னால போய் வையி பவுனம்மா. சொன்னா சொன்னதுதான். ஒரு நாளைக்குத்தான், தெரிஞ்சுக்கோ," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் வீட்டுக் கறுப்புக் கோழி இரண்டு மாசமாகக் கூமுட்டையே இடுகிறது, ஓய்ந்த நேரத்தில் வந்து பார்க்க முடியுமா என்று கேட்டாள்.

பார்க்கலாம் அக்கா என்றாள் பவுனம்மாள். முதல் ஆளாகக் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் வந்தது. வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கவுமில்லை, அவசரப்படவுமில்லை. குடத்தை நன்றாக விளக்கினாள். கழுவிய தண்ணீரைக் கொட்டினாள். மறுபடி விளக்கினாள். பதினொரு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். குடம் கழுத்து வரை நிறைந்து வழிந்த பிறகுதான் எடுத்து இடுப்பில் வைத்தாள். கொட்டிய தண்ணீர் வாய்க்காலில் ஓடி எங்கள் வேலி ஓரம் தேங்கிற்று. செவலை பதினைந்தையும் கூட்டிக்கொண்டு வந்து அதைக் குடித்துக்கொண்டிருந்தது.